அன்றாடு நற்காசும் பழந்தாளும்: திருச்சிராப்பள்ளிக் காந்தி மார்க்கெட் பணப்புழக்கத்தை முன்வைத்து

முன்னுரை

சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் பணம் குறிக்கப்படும் இடங்களில் ‘அன்றாடு நற்காசு’ என்னும் தொடரும் ‘பழங்காசு’ என்னும் சொல்லும் பயில்கின்றன. முன்னது அந்நாளில் கைமாறிக்கொண்டிருந்த, குறையற்ற காசு. பின்னது முன்னரே வெளிவந்து, பின்னும் கணக்கில் கொள்ளப்பட்ட காசு. கொடையை எழுதிவைத்தோர் எந்தக் காசு என்று விளக்க வேண்டியிருந்ததெனில், வெவ்வேறு காலத்துக் காசுகள் ஒரே ஊரில் அருகருகே புழங்கின என்பது பெறப்படும். அவற்றைப் பிரித்தறியும் கண்ணும் அக்காலத்தோர்க்கு இருந்தது. காசின் மாற்றும் எடையும் நோக்குவோரைச் சங்க இலக்கியப் புலவர் பெயர்களில் வரும் ‘வண்ணக்கன்’ என்னும் அடைமொழி நினைவூட்டுகிறது.

காசுக்கு அன்றிருந்த நிலை இன்று பணத்தாளுக்கு உள்ளது. காய்கறி வாங்கிய மீதியிலோ நாட்கூலிக் கட்டிலோ முந்தைய தலைமுறையின் ரூபாய்த்தாள் ஒன்றைக் கண்டு, அதற்கு ஈடாக வேறு தாளை வைத்துவிட்டு அதனை எடுத்துக்கொள்வது ஒரு பொழுதுபோக்காக வளர்ந்திருக்கிறது. விற்பனையாளரிடமும் ஏலத்திலும் விலைகொடுத்து வாங்கும் சேகரிப்பிலிருந்து இது வேறுபட்டது. முகமதிப்புக்கு மேல் இதில் செலவில்லை. அதனாலேயே இது சிறுபிள்ளை விளையாட்டாகக் கருதப்பட்டு, நாணயவியல் ஆய்வின் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டுள்ளது.

புழக்கத்தில் கிடைக்கும் பழந்தாள் தற்செயலாக எஞ்சியது என்பதே பொதுவாக நிலவும் கருத்து. அது முழு உண்மையன்று. வங்கிக்குள் நுழையாமல் கைகளுக்கிடையே பணம் சுழலும் இடம் எங்கு உள்ளதோ அங்குதான் பழந்தாள் எஞ்சுகிறது. திருச்சிராப்பள்ளியின் காந்தி மார்க்கெட் அத்தகைய இடங்களுள் ஒன்று. அவ்விடம் சுருங்கிவரும் இக்காலத்தில், கண்டெடுப்பு ஒன்றே தரக்கூடிய ஒருவகை வரலாற்றுச் சான்று பதிவாகாமலே மறைந்துகொண்டிருக்கிறது.

ஊர்ப்பெயர் தாங்கிய தாள்

திருச்சிராப்பள்ளிக்கும் பணத்தாளுக்கும் உள்ள உறவு இன்றைய சந்தையைவிட மூத்தது. 1861ஆம் ஆண்டின் காகிதப் பணச் சட்டம் தாள் வெளியிடும் உரிமையை மாகாண வங்கிகளிடமிருந்து பெற்று அரசிடம் ஒப்படைத்தது. நாடு பல வெளியீட்டு வட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. சென்னை வட்டத்தின்கீழ்த் திருச்சிராப்பள்ளி, கள்ளிக்கோட்டை, விசாகப்பட்டினம் முதலியன துணை வட்டங்களாக அமைந்தன. இவ்வூர்களின் பெயர் அச்சிடப்பட்ட தாள்கள் சேகரிப்பாளர் பட்டியல்களில் இன்று அரிதினும் அரியனவாக இடம்பெறுகின்றன.

தாளில் ஊர்ப்பெயர் இருந்ததன் பொருள் அலங்காரமன்று. ஒரு வட்டத்தின் தாள் அவ்வட்டத்துக்குள் மட்டுமே சட்டப்படி செல்லும். கல்கத்தாத் தாளோடு திருச்சிராப்பள்ளிக் கடைவீதிக்கு வந்தவர் அதனை ஏற்கும்படி எவரையும் வற்புறுத்த இயலாது. வட்டம் கொடுத்தே மாற்றியிருக்க வேண்டும். 1903 முதல் 1911 வரையிலான ஆண்டுகளில் 5, 10, 50, 100 ரூபாய்த் தாள்கள் படிப்படியாக எல்லா வட்டங்களுக்கும் பொதுவாக்கப்பட்ட பின்னரே பணத்தாள் ஊர் கடந்து நடக்கத் தொடங்கியது. அயலூர்த் தாள் ஒன்று உள்ளூரில் கிடைப்பது வியப்புக்குரிய செய்தி என்ற நிலை இந்தப் பொதுமையாக்கத்தோடு முடிந்தது. அதன்பின் வியப்புக்குரியதாக எஞ்சியது காலம் மட்டுமே.

அக்காலத்து வணிகரின் மற்றொரு வழக்கமும் இங்குக் கருதத்தக்கது. பெருந்தொகைத் தாளை அஞ்சலில் அனுப்புவோர் அதனை இரண்டாக வெட்டி, ஒரு பாதி சேர்ந்த செய்தி கிடைத்த பின்னரே மறுபாதியை அனுப்பினர். பெற்றவர் இரண்டையும் ஒட்டிப் பயன்படுத்தினார். நடுவில் ஒட்டுடன் எஞ்சியுள்ள பழந்தாள்கள் இதற்குச் சான்று. சேகரிப்பாளர் சந்தை இவ்வொட்டைக் குறையாகக் கருதி விலையைக் குறைக்கும். வரலாற்று மாணவருக்கோ அந்த ஒட்டுத்தான் தாளின் முதன்மையான செய்தி.

சிறு மதிப்புத் தாள் எளிய மக்களின் கைக்கு வந்தது முதல் உலகப்போரினால். வெள்ளித் தட்டுப்பாட்டால் ஒரு ரூபாய்க் காசு அடிப்பது கடினமானபோது, 1917 நவம்பர் 30 அன்று ஐந்தாம் ஜார்ஜ் உருவம் தாங்கிய ஒரு ரூபாய்த் தாள் வெளிவந்தது. 1918 ஜனவரியில் இரண்டரை ரூபாய்த் தாள் தொடர்ந்தது. பல மொழிகளில் தொகை எழுதப்பட்ட அத்தாள்களில் தமிழும் இருந்தது. காந்தி மார்க்கெட்டின் முன்னே நிற்கும் போர் நினைவுச்சின்னம், இவ்வூரிலிருந்து அப்போருக்குச் சென்றோரை நினைவுகூர்கிறது. அதே போரின் மற்றொரு விளைவு மார்க்கெட்டின் கல்லாப்பெட்டிகளுக்குள் நுழைந்தது என்பதற்கு நினைவுச்சின்னம் ஏதுமில்லை. வெள்ளி ரூபாயைச் சுண்டிப் பார்த்து ஓசையால் அறிந்த வணிகர், தாளைக் கண்ணாலும் விரலாலும் அறியக் கற்றுக்கொண்டது அப்போதுதான்.

1935 ஏப்ரல் 1இல் ரிசர்வ் வங்கி செயற்படத் தொடங்கியது. அதன் முதல் தாளான 5 ரூபாய் 1938 ஜனவரியில் வந்தது. விடுதலைக்குப் பின் 1949இல் அசோகத் தூண் தாங்கிய ஒரு ரூபாய்த் தாளை மத்திய அரசு வெளியிட்டது. 1954இல் வந்த 1000 ரூபாய்த் தாளில் தஞ்சைப் பெரிய கோயில் இடம்பெற்றது. 1978 ஜனவரியில் அது மதிப்பிழந்தது. காவிரிக்கரையின் கோயில் அச்சான அத்தாளைக் காவிரிக்கரையின் உழவர் பலர் ஒருமுறையும் தொட்டிருக்க வாய்ப்பில்லை. அக்காலத்தில் ஆயிரம் ரூபாய் சந்தைப் பணமன்று.

ஆண்டு சொல்லாத தாளை அறிதல்

கண்டெடுப்போர் எதிர்கொள்ளும் முதற்சிக்கல் காலக்கணிப்பு. 2005ஆம் ஆண்டுக்கு முன் வெளியான ரிசர்வ் வங்கித் தாள்களில் அச்சிட்ட ஆண்டு குறிக்கப்படவில்லை. மத்திய அரசின் வெளியீடான ஒரு ரூபாய்த் தாள் மட்டும் இதற்கு விலக்கு. அதில் கையொப்பமிடுபவரும் ஆளுநர் அல்லர், நிதித்துறைச் செயலர். 2005இல் மகாத்மா காந்தி வரிசைத் தாள்களில் புதிய பாதுகாப்புக் கூறுகள் சேர்க்கப்பட்டபோது பின்புறத்தின் கீழ்விளிம்பில் ஆண்டும் சேர்ந்தது. அதற்கு முந்தைய தாளின் காலத்தை வேறு தடயங்களைக் கொண்டே கணிக்க வேண்டும்.

முதன்மையான தடயம் ஆளுநரின் கையொப்பம். கல்வெட்டில் ஆண்டு சிதைந்திருக்கும்போது அரசன் பெயரைக் கொண்டு காலம் கணிப்பதைப் போன்றது இம்முறை. ஆட்சிக்காலம் நீண்டிருந்தால் கணிப்பு நெகிழும், குறுகியிருந்தால் கூர்மையடையும். 1985 ஜனவரி 15 முதல் பிப்ரவரி 4 வரை மட்டுமே ஆளுநராக இருந்த அமிதாவ் கோஷின் கையொப்பம் கொண்ட 10 ரூபாய்த் தாள் தேடப்படுவது இக்காரணத்தால்தான். திருச்சிராப்பள்ளியினர்க்கு இத்தடயத்தில் தனி நெருக்கம் உண்டு. 1992 டிசம்பர் முதல் 1997 நவம்பர் வரை ஆளுநராக இருந்த சி. ரங்கராஜன், அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் அரியலூரில் பிறந்தவர். 1996 ஜூனில் 10, 100 ரூபாய்த் தாள்களோடு தொடங்கிய மகாத்மா காந்தி வரிசையின் முதல் வெளியீடுகளில் அவர் கையொப்பமே உள்ளது. அரியலூர் வட்டாரத்துக்குக் காய்கறி அனுப்பும் சந்தையில், அவர் ஒப்பமிட்ட 100 ரூபாய்த் தாள் எவரும் பெயரைப் படிக்காமலே கைமாறிவந்தது.

மொழிப்பட்டியும் காலம் காட்டும். பழைய அசோகத்தூண் வரிசைத் தாள்களின் பட்டியில் 13 மொழிகள் இருந்தன. 1992ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் கொங்கணி, மணிப்புரி, நேபாளி ஆகியவற்றை எட்டாம் அட்டவணையில் சேர்த்தபின் வந்த காந்தி வரிசையில் கொங்கணியும் நேபாளியும் இடம்பெற்று, எண்ணிக்கை 15 ஆயிற்று. வரிகளை எண்ணினாலே ஒரு தாள் எப்பக்கத்தது எனத் தெரியும். எண்வரிசையின் பின்புலத்தில் அமைந்த உள்ளெழுத்தும், குறைபட்ட தாளுக்கு மாற்றாக அச்சிடப்பட்டதை உணர்த்தும் உடுக்குறியும் வேறு தடயங்கள். உடுக்குறி 2006இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கெட்டுப்போன தாளுக்குப் பதிலாக அதே எண்ணில் மற்றொன்று அச்சிடப்பட்டது. சந்தையில் ‘ஸ்டார் நோட்டு’ என்று பெயர்பெற்றுவிட்ட இதனைச் சிலர் கள்ளத்தாள் என ஐயுறுவதும் உண்டு.

இவை அச்சகம் இட்ட தடயங்கள். சேகரிப்பு நூல்கள் இவற்றை விரிவாகவே விளக்குகின்றன. அவை பெரும்பாலும் பேசாமல் விடுவது புழக்கம் இட்ட தடயங்களை. தாளின் இடப்பக்கத்தில் காணப்படும் சிறு துளைகள் அவற்றுள் தலையாயவை. நூறு தாள் கொண்ட கட்டைக் கம்பி ஊசியால் தைப்பது வங்கிகளின் நெடுநாள் வழக்கம். தூய்மையான தாள் கொள்கையின் தொடர்ச்சியாக 2001 நவம்பரில் ரிசர்வ் வங்கி இதனைக் கைவிடுமாறு பணித்தது. ஆகவே துளை மிகுந்த தாள், அவ்வாணைக்கு முன்னர்ப் பலமுறை வங்கிக்குள் சென்று மீண்டது என்று கொள்ள இடமுண்டு. ஆணை எல்லாக் கிளைகளிலும் ஒரே நாளில் நடைமுறைக்கு வந்திருக்காது என்பதால் இக்கணிப்பில் சிறிது தளர்ச்சி வேண்டும். துளையே இல்லாத ரங்கராஜன் காலத் தாள் என்றால், அது வங்கியை விட்டு வந்தபின் அதிகம் திரும்பிச் செல்லவில்லை.

நீர்க்குறிப் பகுதியில் எழுத்தர் பேனாவால் இட்ட கூட்டுத்தொகை, சுருக்குப்பைக்காக நான்காயும் எட்டாயும் மடித்த வரை, மஞ்சள் கறை, ஒட்டுத்தாள் ஆகியனவும் இவ்வகையில் அடங்கும். பழந்தாளைக் கண்டவுடன் கழுவி, இஸ்திரிப் பெட்டியால் மடிப்பை நீக்கிப் ‘புதிதாக்கும்’ ஆர்வலர்கள், தாங்கள் அழிப்பது அழுக்கை மட்டுமன்று என்பதை உணர்வதில்லை.

மண்டியில் பணம் நடக்கும் வழி

காந்தி மார்க்கெட் 19ஆம் நூற்றாண்டில் கோட்டைப் பகுதியை ஒட்டி வளர்ந்த சந்தை. மொத்த வணிகம் இரவில் தொடங்கி விடியலில் முடிகிறது. லாரிகளில் வரும் சரக்கு கமிஷன் மண்டிகளில் இறங்கும். பெரம்பலூர்ச் சின்ன வெங்காயமும் வெளிமாநிலப் பெரிய வெங்காயமும் இங்கிருந்தே பிரிந்து செல்கின்றன. ஸ்ரீரங்கம், லால்குடி, மண்ணச்சநல்லூர், திருவெறும்பூர் எனச் சுற்றூர்ச் சில்லறை வியாபாரிகள் வைகறையில் வாங்கிச் சென்று பகலில் விற்கின்றனர்.

பணத்தின் வழியும் சரக்கின் வழியைப் போன்றதே, திசைதான் எதிர். தள்ளுவண்டியில் பத்தும் இருபதுமாகச் சேர்ந்த பணம் மறுநாள் வைகறையில் மண்டிக்கு வருகிறது. மண்டியிலிருந்து சுமைப்பணியாளரின் கூலியாகவும் வண்டி வாடகையாகவும் தேநீர்க்கடைக் கணக்காகவும் பிரிகிறது. காலையில் தண்டல்காரரிடம் பெற்ற தொகை மாலையில் வட்டியோடு அவரிடம் திரும்பி, மறுநாள் மற்றொருவர் கைக்குப் போகிறது. பெருந்தொகைகள் வங்கியை நாடும். சிறுதாள்களை வங்கியில் கட்டுவதில் ஆதாயமில்லை, ஏனெனில் நாளைய சில்லறைக்கு அவையே தேவை. இவ்வாறு 10, 20, 50 ரூபாய்த் தாள்கள் வங்கியின் வாசலைக் காணாமல் நெடுநாள் சுழல்கின்றன.

இச்சுழற்சியில் ஒரு விதி செயற்படுகிறது. தரங்குறைந்த பணம் தரமான பணத்தைப் புழக்கத்திலிருந்து துரத்தும் என்பது கிரெஷாம் பெயரால் 19ஆம் நூற்றாண்டில் வழங்கலாயிற்று. அவ்விதி உலோக மதிப்பு வேறுபடும் காசுகளைப் பற்றியது. ஒரே மதிப்புள்ள தாள்களுக்கு அது பொருந்த வேண்டியதில்லை. ஆயினும் நடைமுறையில் பொருந்துகிறது. கையில் ஒரு மொடமொடப்பான தாளும் ஒரு நைந்த தாளும் இருந்தால், கொடுப்பவர் நைந்ததையே முதலில் தள்ளிவிடுகிறார். நல்ல தாள் மொய்க்கும், தாம்பூலத் தட்டுக்கும், உண்டியலுக்கும் ஒதுக்கப்படுகிறது.

இதன் விளைவாகப் பழந்தாள் இரு வகைப்படும். ஒன்று சுழன்று பழையது. அது விரைவாகக் கைமாறி, விரைவாக நைந்து, என்றோ ஒருநாள் வங்கிக்குள் நுழைந்து மீளாது போகும். மற்றொன்று உறங்கிப் பழையது. அரிசிப் பானையிலும் புடைவை மடிப்பிலும் அஞ்சறைப்பெட்டியின் அடியிலும் ஆண்டுக்கணக்கில் கிடந்து, ஒரு மருத்துவச் செலவின்போதோ வீட்டுப் பெரியவர் மறைந்தபின்னோ வெளிவருவது. 1990களின் நடுவில் அச்சு நிறுத்தப்பட்ட 1, 2, 5 ரூபாய்த் தாள்கள் பின்னாளில் நல்ல நிலையில் சந்தைக்கு வருமாயின், அவை உறங்கியவை என்பதில் ஐயமில்லை. 5 ரூபாய்த் தாள் 2001இல் காந்தி வரிசையிலும், ஒரு ரூபாய்த் தாள் 2015இலும் மீண்டும் அச்சேறின. இம்மறுவரவுகளைப் பழையவற்றோடு மயங்குவது தொடக்கநிலை ஆர்வலரின் வழக்கமான பிழை.

உறங்கிய தாள் விழித்தெழும் மற்றோர் இடம் உண்டியல். ஸ்ரீரங்கம் அரங்கநாதசுவாமி கோயிலிலும் சமயபுரம் மாரியம்மன் கோயிலிலும் காணிக்கை குறித்த கால இடைவெளியில் திறந்து எண்ணப்படுகிறது. மஞ்சள் துணியில் முடிந்து வைத்த நேர்த்திக்கடன் பல ஆண்டுகள் கழித்துச் செலுத்தப்படும்போது, முடிந்த நாளின் தாளே உண்டியலில் விழுகிறது. மண்டியின் பணம் பல கைகள் பட்ட பணம். உண்டியலின் பணம் ஒரே முடிச்சில் காத்திருந்த பணம். ஆனால் உண்டியல் தாள் எண்ணி முடிந்ததும் நேராக வங்கிக்குச் செல்கிறது. கண்டெடுப்போர்க்கு அங்கு இடமில்லை, இருக்கவும் கூடாது.

செல்லும், செல்லாது

தமிழில் பணத்தின் தகுதியைக் குறிக்கும் வினை ‘செல்’ என்பது. செல்லும் நோட்டு, செல்லாத நோட்டு, செல்லாக்காசு என்பன அன்றாட வழக்குகள். பணத்தின் மதிப்பு அது நடந்து போவதில் உள்ளது என்னும் புரிதல் இச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. சட்டம் செல்லும் என்பதைச் சந்தை செல்லாது எனலாம். 10 ரூபாய் நாணயம் இதற்கு அண்மைக்காலச் சான்று. 14 வடிவங்களில் வெளியான அந்நாணயங்கள் அனைத்தும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் விளக்கிய பின்னரும் தமிழகத்தின் பல ஊர்களில் கடைக்காரரும் நடத்துநரும் வாங்க மறுத்தனர். ட்ராக்டர் படமிட்ட 5 ரூபாய்த் தாளும், ஆரியபட்டா செயற்கைக்கோள் படமிட்ட 2 ரூபாய்த் தாளும் மதிப்பிழப்புச் செய்யப்படாதவை. ஆயினும் தேநீர்க்கடையில் அவற்றை நீட்டுபவர் ஒரு விவாதத்துக்கு ஆயத்தமாக வேண்டும்.

இவ்விடைவெளியைப் பெரிதாக்கிய நிகழ்வு 2014 ஜனவரி 22 அன்று வந்த ரிசர்வ் வங்கியின் அறிவிப்பு. 2005க்கு முன் வெளியான எல்லாத் தாள்களும் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறப்படும் என்றும், பின்புறத்தில் ஆண்டு இல்லாமையைக் கொண்டு அவற்றை அறியலாம் என்றும் அது கூறியது. அத்தாள்கள் தொடர்ந்து சட்டப்படி செல்லும் என்றும் அதே அறிவிப்பு சொன்னது. மாற்றிக்கொள்ளும் காலக்கெடு 2016 ஜூன் 30 வரை பலமுறை நீட்டிக்கப்பட்டது. பழந்தாள் கண்டெடுப்பின் வரலாற்றில் இதற்கு முரணான இரட்டை இடம் உண்டு. சேகரிப்பாளர் மட்டுமே செய்துவந்த ஒரு செயலை, அதாவது தாளைத் திருப்பிப் பார்த்துக் காலம் அறிவதை, நாட்டு மக்கள் அனைவருக்கும் கற்பித்தது இவ்வறிவிப்பே. கற்பித்ததன் நோக்கமோ அத்தாள்களை இல்லாமற் செய்வது. ‘செல்லும், ஆனால் திரும்பப் பெறப்படும்’ என்ற நுட்பத்தைச் சந்தை ஏற்கவில்லை. ஆண்டு இல்லாத தாளைச் சிலர் அன்றே மறுக்கத் தொடங்கினர்.

2016 நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய்த் தாள்கள் மதிப்பிழப்புச் செய்யப்பட்டன. புழக்கத்திலிருந்த மொத்த மதிப்பில் ஏறத்தாழ 86 விழுக்காடு அவை. ரொக்கத்தால் இயங்கும் மொத்தச் சந்தைகள் அன்று எதிர்கொண்ட நெருக்கடி பலராலும் எழுதப்பட்டுள்ளது. அதிகம் கவனிக்கப்படாதது அதன் மறுபக்கம். 100 ரூபாய்க்கு எழுந்த கடுந்தேவையை நிறைவேற்ற, அழிக்க ஒதுக்கியிருந்த அழுக்குத் தாள்களும் வங்கிகளிலிருந்து மீண்டும் வெளிவந்ததை அந்நாளைய நாளிதழ்கள் பதிவு செய்தன. வீடுகளில் உறங்கிய சிறுதாள்களும் செலவுக்கு எடுக்கப்பட்டன. 2005க்கு முந்தைய தாளைத் தேடியோர்க்கு அவ்வாரங்கள் எதிர்பாராத வெள்ளம். அடுத்தவேளைச் செலவுக்குப் பணமின்றி வரிசையில் நின்றோரை எண்ணும்போது, அதனை நல்வாய்ப்பு எனச் சொல்ல எழுத்து கூசுகிறது.

மதிப்பிழந்த தாள்களை வைத்திருப்பது பற்றி 2017இல் நிறைவேறிய சட்டம் ஒரு சிறு கூற்றால் இத்துறைக்கு முக்கியமாகிறது. பொதுவாக ஒருவர் பத்துத் தாள்கள் வரையே வைத்திருக்கலாம். ஆய்வுக்கும் நாணயவியலுக்குமாயின் 25 வரை வைத்திருக்கலாம். சேகரிப்பை அறிவுத்துறைச் செயலாக அச்சட்டம் பெயர்சொல்லி ஏற்றிருக்கிறது. அதே வேளையில், பழைய தாளுக்கு இலட்சக்கணக்கில் விலை தருவதாகக் கூறி, ரிசர்வ் வங்கியின் பெயரைப் பயன்படுத்திக் கட்டணம் பறிக்கும் மோசடிகளும் பெருகின. அவற்றை நம்ப வேண்டாமென அவ்வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. 786 என முடியும் எண்ணுக்கும் அடுக்கு எண்ணுக்கும் கூறப்படும் விலைகள் இப்பொழுதுபோக்கை லாட்டரிச் சீட்டின் நிலைக்கு இறக்கியுள்ளன.

கண்டெடுத்த இடம்

தமிழக நாணயவியலுக்கு இதனோடொத்த ஓர் அனுபவம் உண்டு. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே கரூரில் அமராவதி ஆற்றுமணலை அரித்தோர்க்குக் கிடைத்த பழங்காசுகள் விற்பனையாளர் வழியாகச் சேகரிப்பாளரை அடைந்தன. மதுரையில் வாங்கிய காசுகளிடையே ‘பெருவழுதி’ என்னும் பெயர் பொறித்ததை அடையாளங்கண்டு 1980களில் வெளியிட்டவர் இரா. கிருஷ்ணமூர்த்தி. சங்ககாலக் காசுகள் பற்றிய அவருடைய நூல்கள் கடைவீதியில் கிடைத்தவற்றை வரலாறாக மாற்றின. ஆயினும் ஒரு குறை தீரவில்லை. காசு கிடைத்த மண்ணடுக்கு எது, உடன் கிடைத்தவை எவை என்னும் வினாக்களுக்கு, கைமாறி வந்த காசு விடை தராது. எழுத்தையும் சின்னத்தையும் மட்டுமே அதனிடம் கேட்க முடியும்.

பணத்தாள் சேகரிப்பு இதே குறையைத் தெரிந்தே ஏற்றுக்கொள்கிறது. பெங்களூரில் 2020இல் திறக்கப்பட்ட ரெஸ்வான் ரசாக் அருங்காட்சியகமும், மும்பையில் 2004இல் திறக்கப்பட்ட ரிசர்வ் வங்கி அருங்காட்சியகமும் வெளியீட்டின் வரலாற்றைச் சிறப்பாகக் காட்டுகின்றன. எந்த ஆண்டு எந்தத் தாள், யார் கையொப்பம் என்பவற்றுக்கு அங்கு விடை உண்டு. அத்தாள்கள் எவ்வளவு காலம், எவ்விடத்தில், எவ்வகை மக்கள் கையில் வாழ்ந்தன என்பதற்கு விடையில்லை. விலை மிக்க தாள் என்பது ஒருமுறையும் செலவாகாத தாள். சேகரிப்புச் சந்தையின் இவ்வளவுகோல், பணமாகப் பயன்படாத பணத்தையே சிறந்த பணமாக்குகிறது.

புழக்கத்தில் கண்டெடுத்த தாளுக்கு மண்ணடுக்கு உண்டு. கண்ட நாள், கண்ட இடம், கொடுத்தவரின் தொழில், கட்டில் உடனிருந்த தாள்கள் ஆகியவையே அம்மண்ணடுக்கு. ரங்கராஜன் கையொப்பமிட்ட 10 ரூபாய்த் தாள் 2023இல் ஒரு வங்கிக் கட்டில் கிடைப்பதும், வெங்காய மண்டியில் கூலியாகக் கிடைப்பதும் ஒரே செய்தியன்று. முன்னது பிரித்தெடுக்கும் பொறியின் தவறு. பின்னது கால் நூற்றாண்டுக்கு மேல் பொறிக்கு வெளியே ஒரு பணவழி இருந்தது என்பதற்கான தடயம். ஒரு தாள் இதனை மெய்ப்பிக்காது. நூறு கண்டெடுப்புகள் நாளும் இடமும் குறித்து எழுதப்பட்டிருந்தால், எந்தச் சந்தையில் பணம் எவ்வளவு மெதுவாக வங்கிக்குத் திரும்பியது என்பதை ஊர்வாரியாக ஒப்பிட இயலும். அத்தகைய குறிப்பேடுகள் ஆர்வலர் சிலரிடம் இருக்கக்கூடும். தாள்களைக் கண்ணாடி உறையில் அடுக்கும்போது முதலில் குப்பைக்குப் போவது அக்குறிப்பேடுதான்.

இதற்கான காலமும் நீளமானதன்று. 2016 முதல் வந்த புதிய வரிசைத் தாள்கள் அளவில் சிறியவை. பழைய 100 ரூபாய் 157 மில்லிமீட்டர் நீளம், புதியது 142. பழைய 20 ரூபாய் 147, புதியது 129. ஆகவே கலந்து கட்டிய கட்டில் பழந்தாளின் ஓரம் துருத்தி நிற்கிறது. பிரித்துப் பாராமலே விளிம்பைக் கொண்டு அறியலாம் என்பது தேடுவோர்க்கு எளிது, ஒதுக்குவோர்க்கும் எளிது. நைந்த தாளைப் பிரிக்கும் பொறிகள் வங்கிகளில் பெருகிவிட்டன. தகுதியற்றதெனப் பிரிந்த தாள் ரிசர்வ் வங்கி அலுவலகத்தில் துகளாக்கப்பட்டுக் கட்டிகளாக அழுத்தப்படுகிறது.

சந்தையும் மாறியிருக்கிறது. மொத்த வணிகத்துக்கென 2017இல் கள்ளிக்குடியில் திறக்கப்பட்ட வளாகத்துக்கு வணிகர்கள் இடம்பெயர முன்வரவில்லை. 2020இன் ஊரடங்கில் மொத்த வணிகம் பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்குத் தற்காலிகமாகச் சென்று மீண்டது. இடத்தை விடாத சந்தை, பணத்தின் வடிவத்தை விட்டுக்கொடுத்து வருகிறது. தராசுக்கு அருகே ஒட்டிய சதுரக் குறியைக் கைபேசியால் படம்பிடித்துப் பணம் செலுத்துவோர் பெருகப் பெருக, வைகறைக் கட்டுகளின் பருமன் குறைகிறது. கூலியும் தண்டலும் இன்னும் பெரிதும் தாளிலேயே நடக்கின்றன. பழைய வரிசையின் காண்டாமிருகமும் யானையும் புலியும் அச்சிட்ட 10 ரூபாய்த் தாள்கள், விளிம்பு துருத்தியபடி இப்போதைக்கு அக்கட்டுகளில் இருக்கின்றன.